ஆச்சி, கொஞ்சும் குமரி, ஆயிரம் படக் கணக்கு

கன்னங்குறிச்சி ரவுண்டானா · ஜூன் 2, காலை 7.10

மனோரமா ஆச்சி பற்றி ரெண்டு சந்தேகம். நம்ம சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ எடுத்த 'கொஞ்சும் குமரி' (1963) படத்தில்தான் அவர் முதல்முதலாகக் கதாநாயகி. அதற்கப்புறம் ஊரே அவரைக் காமெடி நடிகையாகத்தான் பார்த்தது. நாயகியாக எடுபடாததால் காமெடிக்குத் தள்ளப்பட்டார் என்பது என் கட்சி. மறுத்தால் ஆதாரத்தோடு மறுங்க.

ரெண்டாவது, அவர் ஆயிரம் படம் நடித்ததாகச் சொல்கிற கின்னஸ் சாதனை. 1958இல் ஆரம்பித்து 1985 வரை என்றால் 27 வருஷம். வருஷத்துக்கு 37 படம். மனுஷியால் ஆகிற காரியமா?

செவ்வாய்பேட்டை ரீல்பெட்டி · ஜூன் 2, காலை 9.35

உங்க வரிசையே தலைகீழ். 1958இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் அவர் அறிமுகமானதே நகைச்சுவை வேடத்தில்தான். டி.ஆர்.மகாலிங்கம் 'செந்தமிழ்த் தேன்மொழியாள்' பாடிய அதே படம். காமெடியில் அஞ்சு வருஷம் ஓட்டிய பிறகுதான் சேலத்துக்கு நாயகியாக வந்தார். தள்ளப்பட்டவர் இல்லை, ஏற்கெனவே இருந்த வீட்டுக்குத் திரும்பிப் போனவர்.

கதாநாயகி என்றால் நாலஞ்சு வருஷம், காமெடி என்றால் காலத்துக்கும் நிற்கலாம் என்று கண்ணதாசன் தேற்றியதாக ஆச்சியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஏன் தேற்ற வேண்டியிருந்தது? நாடகத்தில் அவர் நாயகி. எஸ்.எஸ்.ராஜேந்திரன் நாடக மன்றத்தில் கலைஞர் எழுதிய 'மணிமகுடம்' ஆடியவர். மேடையில் ராணி, கோடம்பாக்கத்தில் தோழி என்றால் யாருக்கும் கசக்கும்.

நாயகி கட்சியில் இன்னொரு ஓட்டை. 1988இல் ஏவி.எம்.மின் 'பாட்டி சொல்லைத் தட்டாதே'யில் தலைப்பே அவர்தான். 'கொஞ்சும் குமரி'யோடு முடிந்தது என்று எழுதினால் பாட்டி கோபித்துக்கொள்வார்.

கன்னங்குறிச்சி ரவுண்டானா · ஜூன் 2, காலை 10.02

பாட்டி நாயகி ஆவாரா? டூயட் எங்கே?

செவ்வாய்பேட்டை ரீல்பெட்டி · ஜூன் 2, காலை 10.20

கார் ஒண்ணு இருக்கு. போதும்.

ஐந்து ரோடு அக்கவுண்டன்ட் · ஜூன் 2, இரவு 9.48

37 படம் விஷயத்துக்கு வருவோம். படத்தை எண்ணினால் மலைப்பாக இருக்கும், கால்ஷீட்டை (படப்பிடிப்புக்கு நடிகர் ஒதுக்குகிற நேரம்) எண்ணணும்.

35 எம்.எம். ஃபிலிமில் ஒரு நிமிஷம் ஓட 90 அடி வேணும் (நொடிக்கு 24 ஃபிரேம், அடிக்கு 16 ஃபிரேம்). அந்தக் காலத்துப் படம் 14,000 அடிக்குப் பக்கத்தில் இருந்தால் ரெண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அதில் தனியாக ஒட்டின காமெடி ட்ராக் 1,800 அடி என்று வைத்தால் 20 நிமிஷம். அந்த ட்ராக்குக்கு நாயகனும் நாயகியும் வேண்டியதில்லை. ரெண்டு மூணு நடிகர், ஒரு வீட்டு செட், ஒரு தெரு செட், அவ்வளவுதான். அரைக் கால்ஷீட்டில் (காலை 7 முதல் 1, இல்லாவிட்டால் மதியம் 2 முதல் 9) ரெண்டு நிமிஷம் தேறினால்கூட 10 அரைக் கால்ஷீட்டில் முழு ட்ராக்கும் முடிந்துவிடும்.

37 படம் × 10 = 370 அரைக் கால்ஷீட். ஒரு நாளைக்கு ரெண்டு. ஆக 185 நாள். டப்பிங்குக்கு அரை நாள் வீதம் சேர்த்தால் 204 நாள். உடம்பு முறியும், ஆனாலும் முடியும்.

ஏற்காடு 20வது கொண்டை ஊசி · ஜூன் 3, காலை 6.15

அக்கவுண்டன்ட் சார், கணக்கு சரி, ஒரு உள்ளீடு தப்பு. அறுபதுகளில் காமெடி ட்ராக்குக்கு எதுக்கு டப்பிங்? ஃப்ளோருக்குள் (ஸ்டுடியோவின் படப்பிடிப்புக் கூடம்) எடுத்த வசனமெல்லாம் அங்கேயே நேரடி ஒலிப்பதிவு. மிட்செல் கேமராவை சத்தம் வெளியே வராதபடி உறை போட்டு மூடியிருப்பார்கள். மேலே பூம் மைக். ஃபேன் நிற்கும், கதவு சாத்தப்படும், வாசலில் சிவப்பு விளக்கு எரியும். டப்பிங் எல்லாம் வெளிப்புறப் படப்பிடிப்புக்கு மட்டும். எழுபதுகளின் பின்பாதியில் எல்லாரும் தெருவுக்கும் கிராமத்துக்கும் போய், ஓட்டினால் தையல் மிஷின் மாதிரி சத்தம் போடும் ஆரிஃப்ளெக்ஸ் கேமராவைத் தூக்கின பிறகுதான் படம் முழுக்க டப்பிங் என்று ஆனது.

நேரடி ஒலி என்றால் என்ன அர்த்தம்? ரெண்டு நிமிஷ ஷாட் 180 அடி. கடைசி வரியில் ஒருத்தர் நாக்குப் பிறழ்ந்தாலும் 180 அடியும் குப்பை. மூணு டேக் போனால் 540 அடி. ஃபிலிம் அப்போ தங்கம். முதல் டேக்கிலேயே வசனத்தையும் நடையையும் முகத்தையும் சேர்த்துக் கொடுக்கிற ஆள் கிடைத்தால் தயாரிப்பாளர் விடவே மாட்டார். நாடகத்தில் ரீடேக் கிடையாதே. ஆச்சிக்கு வருஷம் முழுக்க ஏன் வேலை இருந்தது என்பதற்குப் பதில் இதுதான் என்பேன். சிரிக்க வைத்தது அதற்கப்புறம்.

ஐந்து ரோடு அக்கவுண்டன்ட் · ஜூன் 3, காலை 8.30

ஒப்புக்கொள்கிறேன். டப்பிங் அரை நாளை அடித்துவிடுங்க, 185 நாள்.

ஆனால் என் கணக்கில் வேறு ஒரு ஓட்டையும் இருக்கு. ராத்திரி படுத்த பிறகு தோணுச்சு. 27 வருஷத்துக்கும் சமமாகப் பங்கு போட்டது தப்பு. 1958, 59இல் ஒரு புது நடிகைக்கு 37 படம் வந்திருக்காது. முதல் வருஷங்கள் மெலிஞ்சு, நடு வருஷங்கள் வீங்கியிருக்கும். தமிழோடு தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி என்று நடித்ததையும் சேர்க்கணும்.

அம்மாபேட்டை தறி · ஜூன் 3, மதியம் 1.25

இந்தி என்றதும் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடக்கும் பட்டியலை அப்படியே கூட்டாதீங்க. இந்தியில் வேற ஒரு மனோரமா இருந்தாங்க. 'சீதா அவுர் கீதா' (1972) படத்தில் ஹேமமாலினியைப் பாடாய்ப் படுத்துகிற சித்தி. அவங்க லாகூர்ப் பக்கம், 2008இல் காலமானாங்க. நம்ம ஆச்சி 2015 அக்டோபர் 10. ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கி ஒட்டின பட்டியல் நிறைய. ஆச்சி இந்தியில் செய்ததற்கு மெஹ்மூதோட 'குன்வாரா பாப்' (1974) சரியான உதாரணம்.

பட்டியலைச் சலிக்க எளிய வழி: 1958க்கு முந்தின இந்திப் படம் எதுவும் இருந்தால் அது அந்தம்மாவோடது, தூக்கிடுங்க. 58க்குப் பிந்தின இந்திப் படம் என்றால் கூட நடித்தவங்க பெயரையும் இயக்குநரையும் பாருங்க, தென்னிந்தியத் தொடர்பு துளியும் இல்லாவிட்டால் தனியாக எடுத்து வைங்க. டப்பிங் படங்களை ரெண்டு முறை எண்ணாதீங்க. தெலுங்கு 'அருந்ததி' (2009) தமிழில் பேசினால் அது ரெண்டாவது படம் ஆகாது.

செவ்வாய்பேட்டை ரீல்பெட்டி · ஜூன் 3, இரவு 10.40

நல்ல சல்லடை. என் பங்குக்கு ஒண்ணு: பெயரே மேடை தந்ததுதான். பிறந்தது 1937இல் மன்னார்குடி, பெயர் கோபிசாந்தா. வளர்ந்தது காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூர். 'பள்ளத்தூர் பாப்பா' என்று மேடையில் பேர் வாங்கி, நாடகக்காரர்கள் வைத்த 'மனோரமா' கடைசி வரைக்கும் நின்றது. ஆச்சி என்பது செட்டிநாட்டு வாசனை.

கன்னங்குறிச்சி ரவுண்டானா · ஜூன் 4, காலை 7.05

எல்லாம் சரி, கேள்வி மட்டும் அப்படியே நிக்குது. 63இல் நாயகி ஆனவர் ஏன் அதிலேயே தொடரவில்லை? நம்ம ஊர் ஸ்டுடியோ ஒன்றும் சாதாரண இடமில்லையே. தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இங்கே எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' (1938), முதல் கலர்ப் படம் 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) ரெண்டும் இந்த ஏற்காடு ரோட்டு ஸ்டுடியோவின் தயாரிப்பு. இப்போ வளைவு மட்டும் நிக்குது, அது வேற வயிற்றெரிச்சல்.

ஏற்காடு 20வது கொண்டை ஊசி · ஜூன் 4, காலை 11.50

இடம் பெரிசு, சந்தேகமில்லை. ஆனால் இடத்தோட தூரத்தைப் பாருங்க. எனக்குத் தெரிந்து விஷயமே அங்கேதான் இருக்கு.

கோடம்பாக்கத்தில் ஏவி.எம்., வாகினி எல்லாம் வடபழனியைச் சுற்றிக் கூப்பிடு தூரம். காலை 7 முதல் 1 வரை ஒரு ஃப்ளோரில் வேலைக்காரி, மேக்கப்பைக் கலைத்துவிட்டு ரெண்டு மணிக்கு அடுத்த ஸ்டுடியோவில் மாமியார். அக்கவுண்டன்ட் சார் போட்ட அரைக் கால்ஷீட் கணக்கு அங்கே மட்டும்தான் நடக்கும்.

மாடர்ன் தியேட்டர்ஸ் முறை வேற. டி.ஆர்.சுந்தரம் லீட்ஸில் ஜவுளிப் படிப்பு படித்து வந்தவர், ஸ்டுடியோவை மில் மாதிரியே நடத்தினார். ஆட்களுக்கு மாதச் சம்பளம். லேபும் ஒலிப்பதிவும் வளாகத்துக்குள்ளேயே. சொன்ன நேரத்துக்கு ஷூட்டிங். படம் சீக்கிரம் முடியும், செலவு அடங்கும், நூறு படத்துக்கு மேல் அப்படித்தான் வெளிவந்தது. சென்னையிலிருந்து வருகிற நடிகைக்கு என்ன ஆகும்? ராத்திரி ரயிலேறி சேலம் வந்துவிட்டால் இங்கே இருக்கிற நாள் முழுக்க இந்த ஒரு படம்தான். மதியம் ரெண்டு மணிக்கு அடுத்த படத்துக்குப் போக ஏற்காட்டில் யார் ஸ்டுடியோ கட்டி வைத்திருக்கிறார்கள்?

நாயகி வேடத்துக்கு 40 நாள் என்று வைங்க. அந்த 40 நாளில் சென்னையில் 80 அரைக் கால்ஷீட். அதாவது எட்டுப் படத்தின் காமெடி ட்ராக். ஒரு நாயகி வேடமா, எட்டுக் காமெடி வேடமா? சம்பளம் நாயகிக்கு அதிகம்தான். ஆனால் எட்டுத் தயாரிப்பாளர் கைவிட்டுப் போனால் அடுத்த வருஷம் யார் கூப்பிடுவார்கள்? திறமையில் குறை தேட வேண்டாம், கால அட்டவணை அது.

செவ்வாய்பேட்டை ரீல்பெட்டி · ஜூன் 4, இரவு 9.15

இந்தக் கோணம் எனக்குத் தோணவே இல்லை. நான் முதல் நாள் கண்ணதாசன் அறிவுரையோடு நிறுத்திட்டேன். ஒரு சின்ன மறுப்பு மட்டும். நாயகிகளும் ஒரே நேரத்தில் பல படங்களில் நடிச்சாங்க. பத்மினியும் சாவித்திரியும் எத்தனை கால்ஷீட்டைப் பிரித்துக் கொடுத்தாங்க.

ஏற்காடு 20வது கொண்டை ஊசி · ஜூன் 4, இரவு 9.52

கொடுத்தாங்க, அவங்களுக்காகச் செட்டு காத்திருந்தது. புது நாயகிக்குக் காத்திருக்குமா?

வேம்படிதாளம் வாசகி · ஜூன் 5, காலை 10.10

'கொஞ்சும் குமரி' பற்றிப் பேசுகிறவர்கள் அதில் ஆண் பக்கம் யார் என்று சொல்லவே இல்லையே. ஆர்.எஸ்.மனோகர். ராசிபுரம் சுப்பிரமணியம் மனோகர், நம்ம மாவட்டத்துக்காரர். அவரும் மேடைதான் உயிர், நேஷனல் தியேட்டர்ஸ் வைத்து 'இலங்கேஸ்வரன்' மாதிரி நாடகங்களைத் தந்திரக் காட்சிகளோடு நடத்தினவர். நாடகக்காரர் ரெண்டு பேரை ஜோடியாக்கி இங்கே படம் எடுத்திருக்கிறார்கள். இயக்கம் ஜி.விஸ்வநாதன், இசை வேதா. டி.ஆர்.சுந்தரம் காலமானதும் அதே 1963இல்தான்.

இன்னொரு 'முதல்' கூட அதே படத்தில் ஒளிஞ்சிருக்கு. கே.ஜே.யேசுதாஸ் தமிழில் முதலில் பாடியது 'பொம்மை' படத்துக்கு, முதலில் வெளிவந்தது 'கொஞ்சும் குமரி' பாட்டு. 'பொம்மை' 1964. முதல் படம் எது என்று சண்டை போடும்போது பாடிய தேதியா, வெளிவந்த தேதியா என்று முதலில் முடிவு பண்ணிக்கணும். நடிகைக்கும் அதே கதைதான். கேமரா முன்னால் நின்ற முதல் நாளும் தியேட்டருக்கு வந்த முதல் படமும் ஒன்றாக இருக்கணும் என்று கட்டாயமில்லை.

மோகனூர் முட்டைக்கடை · ஜூன் 5, காலை 10.31

நிறுத்துங்க. மனோகர் பிறந்தது நாமக்கல். ராசிபுரமும் எங்களுது. 1997இல் மாவட்டம் பிரிஞ்சப்போ கோழிப் பண்ணையோட அவரும் எங்க பங்குக்கு வந்துட்டார்.

வேம்படிதாளம் வாசகி · ஜூன் 5, காலை 10.44

1963இல் எல்லாம் சேலம் ஜில்லா. படம் ரிலீஸான தேதிதான் கணக்கு, சித்த முந்திதானே எழுதினேன்.

செவ்வாய்பேட்டை ரீல்பெட்டி · ஜூன் 6, காலை 6.50

மாவட்டப் பாகப்பிரிவினை நடக்கட்டும். சேலம் கணக்கில் பெரிய வரவு வேற இருக்கு. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) இயக்கின ஏ.பி.நாகராஜன் பெயரில் இருக்கிற 'ஏ', அக்கம்மாபேட்டை. சங்ககிரிப் பக்கம். இதை நாமக்கல் கேட்க முடியாது.

பையன்கள் நாடகக் கம்பெனியில் ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) கட்டின மனுஷர் அவர். நாடகக்காரி எப்படி நிப்பா, எப்படி வெத்தலை மடிப்பா, பெரிய வித்வானைப் பார்த்தால் குரல் எப்படிக் குழையும் என்பது அவருக்கு உள்ளிருந்து தெரியும். அந்தக் காலத்துச் சினிமாக்காரன் வேற யாராவது ஆச்சி நடிச்ச ஜில் ஜில் ரமாமணியை எழுதியிருந்தால் வெறும் கேலிச்சித்திரம் ஆகியிருக்கும்.

படத்தில் நாகஸ்வர வித்வான் சிக்கலாரிடம் நாயனத்தைப் பற்றி விசாரிக்கிற இடத்தைத் திரும்பப் பாருங்க. இந்தச் சத்தம் உங்க நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்கிற மாதிரி ஒரு கேள்வி. காமெடி நடிகை அதை ஜோக் என்று தெரிந்து சொல்லுவார்: கடைசிச் சொல்லைத் தூக்கி, கண்ணை விரித்து, சிரிப்புக்கு இடம் விட்டு. ஆச்சி அப்படிச் செய்யவில்லை. நிஜமாகவே தெரிஞ்சுக்கணும் என்று கேட்கிறார். வாக்கியத்தின் தொடக்கத்தில் இழுவை, முடிவில் குரல் கீழே இறங்குது. பதிலுக்காக அவர் முகத்தையே பார்க்கிறார். சிரிக்கிறது நம்ம வேலை, அவர் வேலை இல்லை.

அம்மாபேட்டை தறி · ஜூன் 6, மதியம் 2.15

அந்த 'இடம் விடுறது' பற்றிக் கொஞ்சம். மேடையில் சிரிப்பு வந்தால் நடிகர் அடங்கும் வரை காத்திருப்பார். சீக்கிரம் பேசினால் அடுத்த வரி சிரிப்பில் முழுகிப் போகும். சினிமா ஃப்ளோரில் சிரிக்க ஆளில்லை, லைட்மேன் சிரித்தால் டேக் கெட்டுது. இடைவெளியைக் குத்துமதிப்பாக விடணும். ஒன்றரை நொடி என்றால் 36 ஃபிரேம். அதை வெறுமனே விட்டால் டி.வி.யில் தனியாகப் பார்க்கும்போது செத்துப்போன மாதிரி தெரியும். அதனால் எதிராளி முகத்துக்கு வெட்டி அந்த 36 ஃபிரேமை நிரப்புவாங்க. நாகேஷோட அவர் சேர்ந்தால் ஏன் களைகட்டுது என்றால், ஒருத்தர் பேசும்போது மற்றவர் சும்மா இருக்கிறதே இல்லை. எடிட்டர் எங்கே வெட்டினாலும் ஒரு முகம் தயார்.

ஆத்தூர் பைபாஸ் · ஜூன் 6, இரவு 8.05

ஒரு கேள்விங்க. நல்லாப் பாடத் தெரிஞ்சவர்தானே. அப்புறம் 'தில்லானா'வில் அவரோட 'பாண்டியன் நானிருக்க' பாட்டுக்கு ஏன் எல்.ஆர்.ஈஸ்வரி குரல்?

செவ்வாய்பேட்டை ரீல்பெட்டி · ஜூன் 6, இரவு 10.30

நாடகக் குரல் வேற, சினிமாப் பாட்டுக் குரல் வேற. ஸ்பெஷல் நாடகத்தில் பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டைச் சுருதிக்கு ஹார்மோனியத்தைப் பிடிச்சுக்கிட்டு, கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கேட்கப் பாடணும். நெஞ்சிலிருந்து தள்ளிப் பாடுகிற குரல். ரெக்கார்டிங் மைக் முன்னால் அதே அழுத்தம் கொடுத்தால் ஊசி சிவப்புக்குப் போகும். பின்னால் நகர்ந்து நின்றால் வாத்தியத்தோட ஒட்டாது. ஈஸ்வரி அந்த முரட்டு நாடகச் சாயலை மைக்குக்கு அளவாகக் கொடுத்தார்.

அதே 1968இல் 'பொம்மலாட்டம்' படத்தில் 'வா வாத்யாரே ஊட்டாண்ட' ஆச்சியே பாடினது. அது மெட்ராஸ் பாஷை, பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் நடக்கிற பாட்டு. அங்கே ராகத்தைவிட நாக்குதான் முக்கியம். 26 வருஷம் கழித்து 'மே மாதம்' (1994) படத்தில் ரகுமான் 'மெட்ராச சுத்திப் பாக்கப் போறேன்' பாட்டுக்கும் அதே நாக்கைத்தான் கூப்பிட்டார்.

ஏற்காடு 20வது கொண்டை ஊசி · ஜூன் 7, காலை 5.58

நாக்கு என்றதும் 'சின்ன கவுண்டர்' (1992). விஜயகாந்துக்கு அம்மா, எத்துப்பல் செட். சிரிப்புக்காக மாட்டினது என்று கடந்து போகிறார்கள். மாட்டிக்கிட்டுப் பேசிப் பார்த்தால் தெரியும் வேலை.

'ப', 'ம' ரெண்டுக்கும் ரெண்டு உதடும் சேரணும். எத்துப்பல் நடுவில் நின்றால் சேராது. மேல் பல்லில் கீழ் உதட்டை ஒட்டி ஒப்பேத்தினால் 'பையன்' என்பது 'ஃபையன்' மாதிரி விழும். 'ச'வில் காத்து சீறும். எச்சில் ஊறிக்கிட்டே இருக்கும், நீள வசனத்துக்கு நடுவில் முழுங்க இடம் பார்க்கணும். அந்தக் காலத்தில் முழுக்க டப்பிங் என்பதால் இன்னொரு தலைவலி: படம் எடுக்கும்போது பல்லோடு பேசி, டப்பிங்கில் பல்லில்லாமல் பேசினால் உதடு ஒண்ணு சொல்லும், குரல் ஒண்ணு சொல்லும். மைக் முன்னாலும் பல்லை மாட்டணும், இல்லாவிட்டால் மாட்டின மாதிரி வாயை வைத்துக்கொண்டே பேசணும். முப்பது நொடி லூப் (வட்டமாக ஒட்டின ஃபிலிம் துண்டு) 54 அடி, அது திரும்பத் திரும்ப ஓடும், பொருந்தும் வரை அதே வரி.

ஆத்தூர் பைபாஸ் · ஜூன் 7, காலை 9.20

பல்லுக்கு முழு மார்க். கொங்கு பேச்சுக்குப் பாதிதான் தருவேன். 'ஏனுங்க', 'வாங்க போங்க' போட்டால் கொங்கு ஆயிடுமா? எங்க ஆத்தூர், வாழப்பாடிப் பக்கம் அப்படிப் பேசவே மாட்டோம்.

வேம்படிதாளம் வாசகி · ஜூன் 7, காலை 9.41

கதை ஆத்தூரிலா நடக்குது தம்பி? பொள்ளாச்சிப் பக்கத்து இழுவைக்கு ஆத்தூரில் மார்க் போட்டால் எப்படி. பேச்சில் அவர் பிடிச்சது சொல்லை இல்லை, மரியாதையை. மகன் ஊருக்குப் பெரியவர், அம்மா அவரைத் திட்டுகிற திட்டிலும் ஒரு 'ங்க' ஒட்டிக்கிட்டே வரும். அது கொங்கு.

ஐந்து ரோடு அக்கவுண்டன்ட் · ஜூன் 7, இரவு 9.30

இத்தனை பேசியும் விருதைச் சொல்லவில்லை. 'புதிய பாதை' (1989) படத்துக்குத் துணை நடிகைக்கான தேசிய விருது. 2002இல் பத்மஸ்ரீ. அண்ணா, கலைஞரோடு மேடை, எம்.ஜி.ஆர்., என்.டி.ஆர்., ஜெயலலிதாவோடு திரை, ஆக அஞ்சு முதலமைச்சர்கள். இதெல்லாம் எல்லாரும் சொல்கிறது. பதிவுக்காகப் போட்டேன்.

அம்மாபேட்டை தறி · ஜூன் 8, காலை 11.00

டி.வி.யை யாரும் தொடவில்லை. அவர் சீரியலுக்கு வந்ததை 'மார்க்கெட் போனதால்' என்று எழுதுகிறவங்களுக்கு ஒரு தொழில் விஷயம். சீரியல் படப்பிடிப்பு சினிமாவைவிட நாடகத்துக்குத்தான் கிட்டத்துச் சொந்தம். ரெண்டு மூணு கேமரா ஒரே நேரத்தில் ஓடினால் காட்சியை நாலு நிமிஷம் வெட்டாமல் பேசலாம். சினிமாவில் ஒரு வரிக்கு ஒரு ஷாட், நடுவில் லைட்டு மாத்த அரை மணி. அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக இருபது நிமிஷத்துக்கு மேல் சரக்கு வேணும், அதை ஒரே நாளில் எடுக்கணும் என்றால் மனப்பாடம் இருக்கிறவர்தான் தாங்குவார்.

இல்லாதவங்களுக்குப் பிராம்ப்டிங். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று வரியைச் சொல்லுவார், நடிகை அரை நொடி கழித்துச் சொல்லுவார். நேரடி ஒலியாக இருந்தால் பிராம்ப்டர் குரலும் பதிவாகும், வெட்டி எடுக்க இடைவெளி விடணும், அந்த இடைவெளியில் முகம் காலியாக நிற்கும். ரிமோட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தெரியும்: கண் ஒரு நூல் பக்கவாட்டில் போயிட்டு வரும். மேடைக்காரங்க கண்ணில் அது இருக்காது. மேடையிலும் சைடு விங்கில் ஆள் நிப்பார்தான், ஆனால் அவர் மறந்தால் மட்டும் எடுத்துக் கொடுக்கிற ஆள்.

மேடைக்காரங்களுக்கு டி.வி.யில் சறுக்குகிற இடம் ஒண்ணே ஒண்ணு, அளவு. போஸ் மைதானத்துப் பொருட்காட்சி மாதிரி திறந்த வெளியில் கடைசி ஆளுக்குத் தெரிய விரிச்ச கண்ணை, டி.வி. க்ளோசப்பில் விரிச்சால் வீட்டுக்குள் பேய் வந்த மாதிரி இருக்கும். மேடையில் தொங்கு மைக் ரெண்டு மூணுதான், அதற்கடியில் வந்து நின்று பேசிப் பழகின கால், டி.வி. செட்டிலும் தானாகவே நடுவுக்கு வரும். கேமராமேன் கத்துவார். ஆச்சி இதையெல்லாம் எழுபதுகளுக்குள்ளேயே சினிமாவில் தேய்ச்சு முடிச்சிட்டு வந்தவர்.

கன்னங்குறிச்சி ரவுண்டானா · ஜூன் 8, இரவு 10.12

சரி, என் கட்சியில் பாதியை வாபஸ் வாங்கறேன். 'தள்ளப்பட்டார்' வாபஸ். 'முதல்முதலாக நாயகி ஆனது நம்ம ஊர்ல' அப்படியே இருக்கும், அதை நாமக்கல்லுக்கும் தர முடியாது.

மோகனூர் முட்டைக்கடை · ஜூன் 8, இரவு 10.20

ஜோடி எங்க ஆளு. பாதிப் படம் எங்களுது.

ஏற்காடு 20வது கொண்டை ஊசி · ஜூன் 9, காலை 6.05

திருத்தம். முந்தா நாள் முப்பது நொடி லூப்புக்கு 54 அடி என்று எழுதினது கைத்தவறு, 45 அடி. அக்கவுண்டன்ட் சார் எப்படிப் பார்க்காமல் விட்டார்?

ஐந்து ரோடு அக்கவுண்டன்ட் · ஜூன் 9, காலை 8.15

பார்த்தேன். ஒன்பது அடி கூட இருக்கட்டும், பல் செட்டைக் கழட்டி மாட்ட நேரம் வேணுமே என்று விட்டுட்டேன்.